மேல் அம்புக்குறியும் ரெண்டு ஆச்சரியக்குறியும்

மேட்டுப்பாளையம்னு சொன்ன உடனே எல்லாரும் ஊட்டி மலை ரயிலைத்தான் கேக்குறாங்க. அது இல்லீங்க. இது பாண்டிச்சேரி மேட்டுப்பாளையம். இங்க ரயிலும் இல்ல, குளிரும் இல்ல. பிப்டிக் தொழிற்பேட்டை இருக்கு, லாரிங்க வரிசை கட்டி நிக்கிற ட்ரக் டெர்மினல் இருக்கு, வேண்டிய மட்டும் புழுதி இருக்கு. அந்தப் பேட்டையில ஒரு சின்னக் கம்பெனியில கம்ப்யூட்டர் சம்பந்தமான ஆணி எது இருந்தாலும் புடுங்க வேண்டியது அடியேன் பொறுப்பு. வருகைப்பதிவு, சம்பளம், பேக்கப் எல்லாமே ஒரே ஒரு லினக்ஸ் பொட்டியில ஓடுது. மானிட்டரைத் திறந்தா கருப்புத் திரை, வெள்ளை எழுத்து. அவ்ளோதான்.

அந்தக் கருப்புத் திரையில, ஒருதடவை அடிச்ச கட்டளையை மறுபடி அடிக்காம வேலை வாங்குறது எப்படிங்கிறதுதான் இன்னிக்கு மேட்டர். "இது தெரியாதா, மேல் அம்புக்குறியை அழுத்தினா வந்துடும்"னு நீங்க சொல்றது காதுல விழுது. வரும்தான். ஆனா நேத்து அடிச்ச கட்டளைக்காக அம்புக்குறியை நாப்பது தடவை அழுத்தி, வேகத்துல ரெண்டு தாண்டிப் போய், கீழ் அம்புக்குறியில திரும்பி வர்ற ஜனங்களைத் தினம் பாக்குறேன். அவங்களுக்காகத்தான் இது. இன்னொருத்தருக்காகவும் எழுதறேன். அவரைப் பத்திக் கீழ வருது.

(கட்டளைப் பேரையெல்லாம் தமிழ்லயே எழுதியிருக்கேன். தட்டும்போது ஆங்கிலத்துல தட்டிக்கோங்க சாமி. பேஷ் ஷெல்லை மனசுல வெச்சு எழுதினது.)

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கலாம். பழசை மறுபடி ஓட்டுறதுக்கு ஏன் ஆச்சரியக்குறி? பில் ஜாய்னு ஒரு மனுஷன், அமெரிக்காவுல பெர்க்லி பல்கலைக்கழகத்துல 1970களின் கடைசியில சி ஷெல்லை எழுதினார். 1979ல வந்த 2பிஎஸ்டி தொகுப்புல அது வெளியாச்சு. இந்த ஆச்சரியக்குறி வித்தை அதுலதான் யூனிக்ஸுக்கு வந்துச்சு. பழைய கட்டளையை ஞாபகம் வெச்சுக்கிட்டு திரும்பச் செய்யிற யோசனை அதுக்கு முன்னாடியே இண்டர்லிஸ்ப்பில் இருந்தது, வாரன் டைட்டல்மேன் செஞ்சது. ஜாய் உபயோகிச்ச டெர்மினல் பேரு ஏடிஎம்-3ஏ. அதுல அம்புக்குறிக்குன்னு தனி விசையே கிடையாது. ஹெச், ஜே, கே, எல் விசைங்க மேலயே அம்பு வரைஞ்சிருக்கும். அவரே எழுதின விஐ எடிட்டர்ல இன்னிக்கும் அந்த நாலு எழுத்துல நகர்றது அதனாலதான். அம்பை அழுத்தி பழைய வரியை எடுத்துத் திருத்துற வசதி இல்லாத காலம். அதனால "போன வரியில இதை மாத்தி ஓட்டு"ன்னு குறியீட்டுல எழுதிச் சொல்ற முறை பிறந்துச்சு. பிற்பாடு 1989ல பிரையன் ஃபாக்ஸ் குனூ திட்டத்துக்காக பேஷை எழுதினார். அம்புக்குறி, குறியீடு ரெண்டும் அதுல ஒண்ணா உக்காந்திருக்கு. நாம ஒண்ணை மட்டும் புடிச்சுத் தொங்கிக்கிட்டு இருக்கோம் :-)

சரி, விஷயத்துக்கு வருவோம்.

ரெண்டு ஆச்சரியக்குறி, அதாவது !! போட்டா கடைசிக் கட்டளை அப்படியே வரும். அதிகாரம் இல்லாம ஒரு கட்டளையை அடிச்சு, "உனக்கு அனுமதி இல்லை"ன்னு பொட்டி மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லுதா? "சூடோ !!" அடிங்க. அதே கட்டளை நிர்வாகி அதிகாரத்தோட ஓடும். தெரிஞ்சவங்க எல்லாருக்கும் முதல்ல தெரிஞ்சது இதுதான்.

!-2 போட்டா கடைசிக்கு முந்தினது. "ஹிஸ்டரி" அடிச்சா வரிசை எண்ணோட பட்டியல் வரும். அதுல 412வது வரி வேணும்னா !412. ஆச்சரியக்குறியை ஒட்டினாப்ல கட்டளையோட முதல் எழுத்துங்களைப் போட்டா, அந்த எழுத்துல ஆரம்பிச்ச கடைசிக் கட்டளை ஓடும். இதுல கொஞ்சம் உஷாரா இருக்கணும், ஏன்னு பின்னாடி சொல்றேன்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது !$. போன கட்டளையோட கடைசி வார்த்தை மட்டும் வரும். கண்ணால பாத்துக்கிட்டே செய்யணும்னா ஆல்ட்டை அழுத்திக்கிட்டு ஒரு புள்ளி. திரும்பத் திரும்ப அழுத்தினா அதுக்கு முந்தின கட்டளைகளோட கடைசி வார்த்தைங்க ஒவ்வொண்ணா வரும். தமிழ்ல ஃபைல் பேரு வைக்கிற நம்மாளுங்களுக்கு இது வரப்பிரசாதம். "கூலிப்பட்டியல்"னு ஒரு ஃபைல் இருக்குன்னு வைங்க. ஒவ்வொரு தடவையும் விசைப்பலகையைத் தமிழ்99க்கு மாத்தி, பேரை அடிச்சு, மறுபடி ஆங்கிலத்துக்கு மாத்தி... உயிர் போயிடும். அதோட பல டெர்மினல்ல கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தனியாப் போய் நிக்கும், அடிச்சது சரியான்னே தெரியாது. ஒரே ஒருதடவை எல்எஸ் போட்டு, டேப் விசையால பேரை முழுசாக்கிக்கோங்க. அடுத்த கட்டளைக்கெல்லாம் ஆல்ட்டும் புள்ளியும் போதும்.

அடுத்தது தொப்பிக் குறி. போன கட்டளையில மார்ச்ங்கிறதை ஏப்ரல்னு மாத்தி ஓட்டணுமா? ^மார்ச்^ஏப்ரல்^ அவ்வளவுதான். ஆனா இது முதல்ல வர்ற மார்ச்சை மட்டும்தான் மாத்தும். ஒரே வரியில ரெண்டு இடத்துல மார்ச் இருந்தா ரெண்டாவது அப்படியே நிக்கும். ஏப்ரல் கணக்கு மார்ச் ஃபைல் மேல போய் உக்காரும். ரெண்டையும் மாத்தணும்னா !! க்குப் பின்னாடி முக்காற்புள்ளி, ஜிஎஸ், அப்புறம் சாய்கோடு போட்டு /மார்ச்/ஏப்ரல்/ னு எழுதணும்.

எல்லாத்துக்கும் மேல ராஜா, கன்ட்ரோல்-ஆர். அழுத்திட்டு, தேடுற கட்டளையில ஞாபகம் இருக்கிற எந்தத் துண்டை வேணாலும் அடிங்க. பின்னாடி தேடிக்கிட்டே போகும். அது இல்லைன்னா மறுபடி கன்ட்ரோல்-ஆர். வேணாம்னா கன்ட்ரோல்-ஜி. தாண்டிப் போயிட்டா முன்னாடி வர கன்ட்ரோல்-எஸ்னு புஸ்தகத்துல போட்டிருக்கும். அழுத்தினீங்கன்னா நிறைய பொட்டியில திரை அப்படியே உறைஞ்சு நிக்கும். பயந்து பவரை அணைச்சுடாதீங்க. டெலிடைப் காலத்து "கொஞ்சம் நிறுத்து" சமிக்ஞை அது. கன்ட்ரோல்-க்யூ அழுத்துங்க, உயிர் வந்துடும்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது எங்க கம்பெனியில இருந்த ஒரு அண்ணன். பேரு வேணாம். ஸ்டோர்ஸ்ல சாமான் எண்ணிக்கிட்டு இருந்தவர், ஐம்பது வயசுக்கு அப்புறம் கம்ப்யூட்டர் கத்துக்கிட்டார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கிட்டு, ரெண்டே விரல்ல தட்டுவார். ரெண்டு விரல்ல தட்டுறவருக்குத்தானே குறுக்குவழி அருமை தெரியும்! "இன்னா தம்பி, திரும்பத் திரும்ப அடிச்சிக்கினு இருக்க? பொட்டிக்குத்தான் ஞாபகம் இருக்குல்ல, அதைக் கேளு"ம்பார்.

2021 மே மாசம், கொரோனா ரெண்டாவது அலை. அண்ணனை ஆஸ்பத்திரியில சேர்த்துட்டாங்க. மூச்சுக்கே ஆக்சிஜன் வெச்சிருக்கிற மனுஷர்கிட்ட போன் பண்ணி எதைக் கேக்குறது? ஏழாம் தேதி சம்பளம். அறுவது சொச்சம் பேரு. அந்த மாசம் சம்பளம் ஒருநாள் தள்ளிப் போனாலும் தாங்காத வீடுங்க நிறைய. அதுல பல வீட்டுல ஒருத்தராவது படுத்திருந்தாங்க. சம்பளக் கணக்கை மாசாமாசம் ஓட்டினது அண்ணன் மட்டும்தான். எழுதி வெச்ச நோட்டு எதுவும் கிடைக்கல. இருந்தது அவரோட ஹிஸ்டரி ஃபைல் மட்டும்.

முதல் வேலையா அதை ஒரு நகல் எடுத்து வெச்சோம். அவர் கணக்குல நுழைஞ்சு வேலை செஞ்சா நாம அடிக்கிறதும் அதுல சேரும். வரம்பு ரெண்டாயிரம் வரி. நம்ம வரி ஒண்ணு உள்ள வந்தா அவரோடது ஒண்ணு வெளிய போயிடும். அதனால நகலை என் கணக்குல வெச்சு, அக்கவுண்ட்ஸ் அக்காவும் நானும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து படிச்சோம்.

அப்பத்தான் அவர் எப்படி வேலை செஞ்சிருக்கார்னு தெரிஞ்சது. முக்கியமான கட்டளை ஒவ்வொண்ணோட கடைசியிலயும் # குறி போட்டு ஒரு வார்த்தை. சம்பளம். பேக்கப். ஓடி. ஆங்கில எழுத்துலதான், ஆனா தமிழ் வார்த்தை. # க்குப் பின்னாடி இருக்கிறதை ஷெல் கண்டுக்காது, ஆனா ஹிஸ்டரியில அப்படியே பதிஞ்சுடும். கன்ட்ரோல்-ஆர் போட்டு சம்பளம்னு அடிச்சா நேரா அங்க போய் நிக்கலாம். ரெண்டு விரல்காரர் தனக்காக நட்டு வெச்ச மைல்கல். தேதி நேரமும் பதியிற மாதிரி ஹிஸ்ட்டைம்ஃபார்மேட் அமைப்பையும் போட்டு வெச்சிருந்தார். ஃபைலுக்குள்ள அது 1970 ஜனவரி 1லேர்ந்து எண்ணின விநாடிக்கணக்கா இருக்கும். ஹிஸ்டரி கட்டளை அதைத் தேதியா மாத்திக் காட்டும்.

சம்பளம்னு தேடினா மூணு மாசத்துக்கான வரிங்க கிடைச்சது. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல். மூணையும் பேப்பர்ல அச்சடிச்சு பக்கத்துல பக்கத்துல வெச்சோம். வரிசை ஒண்ணுதான். கேட்ல இருக்கிற வருகைப்பதிவு மெஷின்லேர்ந்து ஃபைலை இழுக்கிறது, எல்எஸ் போட்டு தேதியைப் பாக்குறது, கணக்கு ஸ்கிரிப்ட்டை ஓட்டுறது, வந்த ஃபைலைத் திறந்து பாக்குறது, பேங்குக்குப் போற ஃபைலை உண்டாக்குறது. ஆனா மார்ச்சுல மட்டும் நடுவுல ஒரு வரி கூட. வேற ஒரு ஃபோல்டர்லேர்ந்து ஒரு ஃபைலைக் கொண்டுவந்து வருகைப்பதிவு மேல எழுதற கட்டளை.

அதை ஓட்டணுமா, வேணாமா? பொட்டியைக் கேட்டா பதில் இல்ல. அக்காதான் கொஞ்ச நேரம் நெத்தியைத் தேய்ச்சுட்டு சொன்னாங்க. "மார்ச்சுல ஒருநாள் கேட் மெஷின் ரிப்பேர்ப்பா. வாட்ச்மேன் நோட்டுல எழுதினதை அண்ணன்தான் உக்காந்து ஏத்தினாரு." அதான் அந்த வரி. அந்த மாசத்துக்கு மட்டும் உரியது. கண்ணை மூடிக்கிட்டு மார்ச்சை அப்படியே திரும்ப ஓட்டியிருந்தா, அறுவது பேரோட வருகைப்பதிவு மேல பழைய கணக்கு போய் உக்காந்திருக்கும்.

அன்னிக்குப் புரிஞ்சது இதுதாங்க. ஹிஸ்டரி, என்ன செஞ்சாங்கன்னு சொல்லும். ஏன் செஞ்சாங்கன்னு சொல்லாது. எந்த ஃபோல்டர்ல நின்னுக்கிட்டு அடிச்சாங்கன்னு சொல்லாது. அடிச்சது சரியா ஓடிச்சா, பாதியில விழுந்துச்சான்னும் சொல்லாது. திரும்பச் செய்யிறதுக்கு ஒரு விசை போதும். எதைத் திரும்பச் செய்யணும்னு தெரிய ஆள் வேணும்.

அண்ணனுக்கு இது தெரிஞ்சிருக்கு. அவர் ஃபைல்ல எங்க பாத்தாலும் ஜோடி ஜோடியா வரிங்க. பேக்கப்புக்கு ஆர்சிங்க் கட்டளை, முதல்ல -என் சேர்த்து, அதாவது "எதையும் தொடாதே, என்ன செய்வேன்னு மட்டும் காட்டு". சில நிமிஷம் கழிச்சு அதே வரி, -என் இல்லாம. மேல் அம்புக்குறியை அழுத்தி, அந்த -என்னை மட்டும் எடுத்துட்டு என்டர் தட்டியிருக்கார். அழிக்கிற ஆர்எம் எங்க வந்தாலும் அதுக்கு முந்தின வரி அதே பேருக்கு எல்எஸ். ரெண்டாயிரம் வரியில இதுக்கு விலக்கு ஒண்ணுகூட எங்க கண்ணுல படல. பாஸ்வேர்டும் ஒண்ணுகூட இல்ல.

ஆறாம் தேதி சாயங்காலம் ஓட்டினோம். அவர் செஞ்ச மாதிரியே, ஒவ்வொரு அடியிலயும் நின்னு, ஃபைல் தேதியைப் பாத்து, அக்கா பழைய பட்டியலோட பத்துப் பேரை ஒப்பிட்டுப் பாத்த பிறகு. ஏழாம் தேதி எல்லாருக்கும் சம்பளம் ஏறிச்சு. அடுத்த வாரம் அண்ணன் போயிட்டார். அவர் வழியிலதான் சம்பளம் போச்சுன்னு அவருக்குச் சொல்ல முடியல.

அவர்கிட்டேருந்து எடுத்துக்கிட்டதை உங்களுக்கும் தர்றேன். வேணுங்கறவங்க எடுத்துக்கோங்க.

ஆச்சரியக்குறியைப் போட்டு என்டர் தட்டினா கேள்வி கேக்காம ஓடிடும். முன்ன சொன்ன உஷார் இதுக்குத்தான். ஆச்சரியக்குறியோட ஆர் எழுத்தை மட்டும் அடிச்சா ஆர்சிங்க் வருமா, ஆர்எம் வருமா? கடைசியா எது ஓடிச்சோ அது! அதனால பின்னாடி முக்காற்புள்ளியும் பி எழுத்தும் சேர்த்துப் போடுங்க. ஓட்டாம வரியை மட்டும் காட்டும். சரின்னா மேல் அம்பு, என்டர். இல்ல, எப்பவுமே காட்டிட்டுதான் ஓட்டணும்னா ஷாப்ட் கட்டளையில ஹிஸ்ட்வெரிஃபைங்கிற அமைப்பைப் போட்டுடுங்க. நான் போட்டுட்டேன். அரை விநாடி கூட ஆகும், ஆகட்டும்.

ஹிஸ்டரி வரம்பைப் பெருசாக்குங்க. பேஷ்ல சும்மா விட்டா ஐந்நூறு வரிதான். உபுண்டுவில கொஞ்சம் கூட. ஹிஸ்ட்சைஸ், ஹிஸ்ட்ஃபைல்சைஸ் ரெண்டுக்கும் மைனஸ் ஒண்ணு கொடுத்தா, 4.3ம் அதுக்குப் பின்னாடி வந்த பேஷ்லயும், வரம்பே இல்ல. எங்களுக்குக் கிடைச்சது மூணு மாசம். ஒரு வருஷம் கிடைச்சிருந்தா தீபாவளி போனஸும் தெரிஞ்சிருக்கும்.

இன்னொண்ணு. நீங்க அடிக்கிறது ஃபைலுக்குப் போறது ஷெல்லை ஒழுங்கா மூடும்போதுதான். நடுவுல கரண்டு போச்சுன்னா அன்னிக்கு அடிச்சது மொத்தமும் காத்தோட போச்சு. எங்க பேட்டையில கரண்டு போறதுக்கு நேரம் காலமே கிடையாது. ப்ராம்ப்ட்-கமாண்ட் அமைப்புல "ஹிஸ்டரி -ஏ" போட்டு வெச்சா ஒவ்வொரு கட்டளை முடிஞ்சதும் எழுதிடும்.

ஹிஸ்டரியில பதியக் கூடாததுக்கு முன்னாடி ஒரு இடைவெளி விடுங்க. ஹிஸ்ட்கன்ட்ரோல்ல இக்னோர்ஸ்பேஸ்னு இருந்தா அந்த வரி பதியாது. ஒருநாள் உங்க ஃபைலையும் யாராவது உக்காந்து படிப்பாங்க, ஞாபகம் இருக்கட்டும்.

நாலஞ்சு கட்டளையை வரிசையா திரும்ப ஓட்டணும்னா கன்ட்ரோல்-ஓ. முதல் வரியைத் தேடி எடுத்து என்டருக்குப் பதிலா அதை அழுத்தினா, அது ஓடி முடிஞ்சதும் ஹிஸ்டரியில அதுக்கு அடுத்த வரி தானா வந்து நிக்கும். ஆனா ஓடாது, நிக்கும். பாத்துட்டு மறுபடி கன்ட்ரோல்-ஓ. அண்ணனோட குணத்துக்கு ஏத்த விசை. அவருக்கு இது தெரியுமான்னு கேட்டிருக்கலாம்.

இப்பல்லாம் ஏஐகிட்ட கேட்டா எந்தக் கட்டளையையும் எழுதிக் கொடுத்துடுது. நானும் கேக்குறேன். ஆனா எங்க பொட்டியில போன மாசம் என்ன ஓடிச்சுங்கிறது அந்தப் பொட்டியில இருக்கிற ஃபைலுக்கும், கேட் மெஷின் ரிப்பேரானது அக்காவுக்கும்தான் தெரியும். அதனால, மூணாவது தடவையா திரும்பச் செய்யிற எதுவா இருந்தாலும் இப்ப ஒரு ஃபைல்ல எழுதிடறோம். கட்டளைக்கு மேல # போட்டு, ஏன்னு ஒரு வரி. தமிழ்லயே. அக்காவும் படிக்கிற மாதிரி.

அண்ணனோட ஃபைல் நகல் இன்னும் என் ஃபோல்டர்லதான் இருக்கு. கடைசி வரி, ஏப்ரல் 30 சாயங்காலம். பேக்கப் ஃபோல்டருக்கு ஒரு எல்எஸ். எல்லாம் சரியா வந்துடுச்சான்னு பாத்துட்டுதான் வீட்டுக்குக் கிளம்பியிருக்கார்.

சரிங்க, ஆணி கூப்பிடுது. இன்னிக்கு தேதி ஆறு. வர்ட்டா?